ஓடுபாதையிலிருந்து டக் டக்

அன்று காலை அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இருவரும் சுவரோடுதான் பேசினார்கள்.

காரணம் தண்ணீர் மோட்டார். "தொட்டி நிரம்பினதும் அணைச்சிடுங்க" என்று குளியலறைக்குள்ளிருந்து அவள் குரல் கொடுத்தாள். "ம்" என்று பதில் வந்தது. அந்த "ம்"மை நம்பி நிதானமாகக் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மாடியிலிருந்து தண்ணீர் கொட்டி, கொடியில் காய்ந்திருந்த மகளின் சீருடையை மறுபடியும் நனைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "நான் எப்ப ம்-னு சொன்னேன்?" என்று அவன் கேட்டான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு "காபி மேஜையில இருக்கு" என்று அவள் ஜன்னலிடம் சொன்னாள். "சாவியை யாரோ எடுத்து வெச்சிருக்காங்க" என்று அவன் அலமாரியிடம் முறையிட்டான். பன்னிரண்டு வருட இல்லறத்தில் பெயரும் முறையும் சொல்லாமல் பேசும் கலையில் இருவரும் கரைகண்டிருந்தார்கள்.

இதெல்லாம் வீட்டோடு முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். முடியாமல் போனதற்குக் காரணம், இருவருக்கும் ஒரே விமான நிலையத்தில் வேலை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து விமானங்களை இறக்குவதும் ஏற்றுவதும் அவள் வேலை. கீழே மஞ்சள் ஜீப்பில் ஓடுபாதை முழுக்கப் போய், ஆணி, ரப்பர் துண்டு, செத்த பறவை என்று எது கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வருவது அவன் வேலை. விமானிகளோடு அவள் ஆங்கிலத்தில் பேசுவாள். தரையில் ஓடும் வண்டிகளோடு தமிழில்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பயிற்சியின்போது தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். யாருக்குச் சொல்கிறோமோ அவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும். கேட்டவர் தன் பெயரையும் சேர்த்து, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஜீப் ஒன்று, ஓடுபாதையை விட்டு வெளியே வரவும்." "ஜீப் ஒன்று, ஓடுபாதையை விட்டு வெளியே வருகிறேன்." வந்து சேர்ந்த பிறகு "வந்துவிட்டேன்" என்று இன்னொரு தரம். வெளியாள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள், சின்னப் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிறார்களா என்று. அந்த ஒப்பிப்பில்தான் உயிர்கள் இருக்கின்றன என்பது வெளியாளுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் விட்டார்கள்.

விட்ட கதை இப்படி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சண்டை. வெளியே வரச் சொல்லி அவள் மைக்கில் சொன்னாள். ஐயாவுக்கு வாயைத் திறக்க மனமில்லை. கையிலிருந்த ரேடியோவின் பொத்தானை இரண்டு தரம் அழுத்திவிட்டார். அவள் காதில் "டக் டக்" என்று கேட்டது. கோபமாயிருக்கிறாராம்! கோபுரத்தில் தனியாக உட்கார்ந்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று சாயங்காலம் சமாதானமாகிவிட்டார்கள், ஆனால் டக் டக் நிலைத்துவிட்டது. வாயால் பேசுவதைவிட அது சுலபம். பிறகு தீயணைப்பு வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பறவை விரட்டுகிறவர் பிடித்துக்கொண்டார். ஊடலில் பிறந்த பழக்கம் ஊர்ப் பழக்கமாகிப் போனது. கோபுர மேலாளர் காதில் ஒரு தரம் விழுந்தபோது முகத்தைச் சுளித்தார், அதோடு சரி.

அன்று காலை ஏழு மணிக்கு ஜீப் ஓடுபாதைக்குள் நுழைந்தது. நுழைய அனுமதி கேட்ட குரலில் உப்புச் சப்பில்லை. அவளும் அதே மாதிரி கொடுத்துவிட்டு, சிவப்புத் தகட்டை எடுத்துக் காற்று காட்டும் கருவியின் மேல் வைத்து மறைத்தாள். அந்தத் தகடு அங்கே இருக்கும்வரை ஓடுபாதையில் வண்டி இருக்கிறது என்று அர்த்தம். காற்றின் வேகத்தைச் சொல்லாமல் எந்த விமானத்தையும் கிளப்ப முடியாது, தகட்டை எடுக்காமல் காற்றைப் பார்க்க முடியாது. மறதிக்காரர்களுக்காகவே யோசித்துச் செய்த ஏற்பாடு.

அந்த ஓடுபாதைக்கு நடுவில் ஒரு மேடு உண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம் போகும் வண்டியின் கூரை மட்டும்தான் கோபுரத்திலிருந்து தெரியும். காலையில் சூரியனும் அதே பக்கம் என்பதால் அதுவும் தெரியாது. தரையில் நகர்வதைத் திரையில் காட்டும் கருவி அந்தச் சின்ன நிலையத்தில் இல்லை. இருப்பது ரேடியோ ஒன்றுதான்.

ஏழு பதினொன்றுக்கு முதல் விமானம் ஓடுபாதையின் வாசலுக்கு வந்து நின்றது. விசிறி வைத்த விமானம், உள்ளே நாற்பத்தெட்டுப் பேர். கேப்டன் தயார் என்றார். அவள் வண்டிகளின் மைக்கை எடுத்தாள். "ஜீப் ஒன்று" என்று ஆரம்பிக்க வேண்டும். வாய் வரவில்லை. நனைந்த சீருடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ரன்வேயை விட்டு வெளிய வந்துடலாம்" என்றாள், கண்ணாடியைப் பார்த்து, பொதுவாக.

டக் டக்.

'இன்னும் முறுக்கு இறங்கல போல' என்று நினைத்துக்கொண்டாள். நேரம் பார்த்தாள். வழக்கமாக அவன் வெளியே வர ஒன்றரை நிமிடம் ஆகும். இரண்டு நிமிடம் விட்டாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே வெளிச்சம். சிவப்புத் தகட்டை எடுத்தாள், காற்றைப் படித்தாள், விமானத்தைக் கிளம்பச் சொன்னாள். கேப்டன் ஒரு வார்த்தை விடாமல் அழகாகத் திருப்பிச் சொன்னார்.

விமானம் ஓட ஆரம்பித்தது. மேட்டில் ஏறியது. அப்போது காதில் கேப்டனின் குரல் கேட்டது, பாதி வார்த்தை, அதுவும் உடைந்து. ஓடிக்கொண்டிருந்த விமானம் மூக்கைச் சட்டென்று தூக்கியது. இன்னும் எழுவதற்கான வேகம் வராத விமானம், வால் தரையில் உரசுமோ என்கிற மாதிரி, தள்ளாடித் தள்ளாடி எழுந்தது. அதன் சக்கரங்களுக்கு அடியில், வெளிச்சத்துக்கு நடுவில், மஞ்சளாக ஒரு கூரை தெரிந்தது.

அவள் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கை தானாகப் போய் சிவப்புத் தகட்டை எடுத்து மறுபடி கருவியின் மேல் வைத்தது. இனிமேல் வைத்து என்ன பிரயோஜனம் என்று யாரோ பக்கத்திலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

கேப்டன் மேலே போன பிறகு பேசினார். விமானம் பத்திரம் என்றார். ஓடுபாதையில் ஒரு ஜீப் நிற்கிறது என்றார். ஜீப்புக்கு வெளியே ஒரு ஆள் தரையில் இருந்தான், அவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார்.

பத்து வருட வேலையில் எந்த விமானி எது கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது. இப்போது "தெரியவில்லை" என்றாள்.

பிறகு வண்டிகளின் மைக்கை எடுத்தாள். இந்தத் தரம் பெயர் தானாக வந்தது. "ஜீப் ஒன்று. ஜீப் ஒன்று, கேக்குதா?"

இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

"ஜீப் ஒன்று... ஏங்க, கேக்குதாங்க?"

டக் டக்.

உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு விட்டாள். இரண்டாவது மூச்சு விடும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. அப்படி ஒரு சந்தேகம் வரலாம் என்று இரண்டு வருடமாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. இது யார்?

"யாரு அழுத்துறது?" என்று கத்தினாள். "வாயத் திறந்து பேசுங்க! யாரு?"

பயந்துபோன ஒரு குரல் வந்தது. "மேடம்... நான் புல்லு டிராக்டர் மேடம். கேக்குதான்னு கேட்டீங்களே. எனக்கு நல்லாக் கேக்குது மேடம்."

தீயணைப்பு வண்டியை அனுப்பச் சொல்லி மணியடித்தாள். அது ஓடுபாதையின் மறுகோடிக்குப் போய்ச் சேர மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் அவள் மனதில் ஓடியது வேறு எதுவுமில்லை, காலையில் அவள் கடைசியாக அவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை என்ன என்பதுதான். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஜன்னலிடம் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

"ஆள் நல்லா இருக்காரு டவர்" என்றது தீயணைப்பு வண்டி. "குப்புறப் படுத்திருக்காரு. தொப்பி பறந்துடுச்சு. காது கேக்கலைங்கறாரு. ஆனா நல்லா இருக்காரு."

அப்போதுதான் அவள் அழுதாள்.

எட்டு மணிக்குள் அவளைக் கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவள் இருக்கையில் வேறொருவர். கீழே மேலாளரின் அறை. எதையும் அளந்து பார்ப்பவர் என்பதால் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். மேஜைமேல் ஒலிப்பதிவு ஓட்டும் கணினி. கோபுரத்தில் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். முப்பது நாள் இருக்கும். அவன் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முழங்கை இரண்டும் சிராய்த்து, முகத்தில் ஓடுபாதையின் டயர்க் கரி. அவளைப் பார்த்ததும் எழுந்தான். கட்டிப்பிடித்து அழ வேண்டிய இருவர், மேலாளர் முன்னால், அலுவலக நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மேலாளர் ஏழு பதினொன்றை ஓட்டினார். 'ரன்வேயை விட்டு வெளிய வந்துடலாம்.' டக் டக்.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று அவளைக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். காது இன்னும் பாதி அடைத்திருந்ததால் அடுத்த அறைக்கே கேட்கும்படி பேசினான். "என்கிட்டதான் சார்! அழுத்தினது நான்தான். வெளிய வரேன்னு அழுத்திட்டுத் திரும்பினேன், ஒரு இரும்புத் துண்டு கண்ல பட்டுச்சு. இறங்கி எடுக்கப் போனேன். முழுக்க என் தப்பு சார்."

அவளுக்குள் எதுவோ சட்டென்று இலகுவானது. வெட்கம் கெட்ட இலகு, ஆனால் உண்மை. அப்படியானால் அவன் கேட்டான், கேட்டும் நின்றான். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், பதில் வாங்கினாள், பிறகுதான் விமானத்தைக் கிளப்பினாள். உரிமம் பிழைக்கும். இரண்டு நொடி, அதிகம் போனால் மூன்று நொடி, அவள் அவனுடைய தப்புக்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பிற்பாடு அந்த மூன்று நொடியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

கதவைத் தட்டிக்கொண்டு புல் டிராக்டர் ஓட்டுபவர் வந்தார். சேர்ந்து மூன்று மாதம்தான். ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் புல் வெட்டுகிறவர், சட்டை முழுக்கப் புல்தூள், கையில் தொப்பி. தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. நல்ல பெயர் வாங்குகிற தோரணையில் நின்றார்.

"ஏழு பதினொண்ணுக்கு எங்க இருந்தீங்க?"

"ரன்வே ஓரமா வெட்டிட்டு இருந்தேன் சார். மேடம் வெளிய வந்துடலாம்னு சொன்னாங்க. உடனே டக் டக்னு அடிச்சுட்டு, கோட்டுக்கு அந்தாண்ட வந்துட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகல."

தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "அதுதானே சார் இங்க முறை? வந்த முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. டவர் எது சொன்னாலும் ரெண்டு தரம் அழுத்தணும்னு. நான் ஒரு நாள்கூடத் தவற விட்டதில்ல சார்."

மேலாளர் ஜீப்காரன் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுத்தினீங்களா?"

"ஆமா சார்" என்றான் அவன், சத்தமாக.

"பொய்" என்றாள் அவள். "பொய் சொல்றார் சார். என் உரிமம் போயிடக் கூடாதுன்னு சொல்றார்." அவன் பக்கம் திரும்பி, காதருகே போய், "நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

அவன் தன் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தான். "ரேடியோ ஜீப்புல இருந்துச்சும்மா. நான் நாப்பது அடி தள்ளி, குனிஞ்சு பொறுக்கிட்டு இருந்தேன். எதுவும் கேக்கல. தரை அதிர்ந்துச்சு, நிமிர்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். உனக்கு இந்த வேலைன்னா உசுரு. எனக்கு என்ன, வேற வண்டி ஓட்டிப்பேன்."

"அவர்கிட்டதான் பேசினேன் சார்" என்று அவள் மேலாளரிடம் சொன்னாள். "ஆனா பேர் சொல்லல. வீட்டுல சண்டை. பதில் வந்துச்சு, அவர் கோபத்துல அழுத்துறார்னு நெனச்சேன். யாருன்னு நான் கேக்கவே இல்ல. எழுதிக்குங்க."

மேலாளர் எழுதவில்லை. தன் பங்கு அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "முப்பது நாள் பதிவு இருக்கு. பேர் இல்லாத உத்தரவுக்கு டக் டக்னு பதில் வந்த இடத்தை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தேன். இதுவரைக்கும் கேட்டதுல பத்தொன்பது. இன்னைக்கு நடந்தது இதுல சேராது."

"பத்தொன்பதா?" என்றாள். அத்தனை தரம் சண்டை போடவில்லையே அவர்கள்.

"சண்டை இல்லாதப்பவும்தான்" என்று சொல்லி அவர் ஒரு பதிவைப் போட்டார். போன புதன்கிழமை, ஏழு எட்டு. அவளுடைய குரலேதான், குஷியான குரல். 'வெளிய வந்துடுங்க, டீ ஆறுது.' டக் டக்.

"நீங்களா?" என்று மேலாளர் சத்தமாகக் கேட்டார்.

அவன் தன் குறிப்பேட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். புதன்கிழமையைத் தேடினான். விரல் ஓரிடத்தில் நின்றது. முகத்தில் இருந்த கரிக்கு அடியில் நிறம் போவது தெரிந்தது. "புதன்கிழமை... அந்தக் கோடியில விளக்கு ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு சார். இறங்கிக் கண்ணாடித் துண்டைப் பொறுக்கிட்டு இருந்தேன். டவர் கூப்பிட்டதே எனக்குத் தெரியாது. எல்லாம் பொறுக்கி முடிச்சு, நானாத்தான் வெளிய வந்தேன். ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினேன், முதுகுல காத்து அடிச்சுச்சு. விமானம் இறங்கிப் போச்சு. நான் வெளிய வந்தது தெரிஞ்சுதான் இறக்குறாங்கன்னு நெனச்சேன்."

"புதன்கிழமை அழுத்தினது நான்தான் சார்" என்றார் புல்லுக்காரர். இப்போது அவர் குரலில் அந்தத் தோரணை இல்லை. அவர் கேட்காமலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நல்ல நாள். அந்த விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தாள். என்ன அழகாக இறக்குகிறான் என்றுகூட நினைத்தாள். அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இப்போது கணக்குப் பார்க்க மனம் போனது. பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"போதுமா?" என்று மேலாளர் கேட்டார். அவருக்கே போதும் போலிருந்தது.

"போடுங்க சார்" என்றாள்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை. 'வெளிய வந்துடலாம்.' டக் டக். கணவன் குறிப்பேட்டைப் பார்த்தான். பார்த்தவன் மூடவில்லை, அப்படியே அவள் பக்கம் நீட்டினான். அவன் கையெழுத்து, கோணல் மாணலாக: உள்ளே வந்ததும் ரேடியோ பேட்டரி தீர்ந்தது, அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து வேலையை முடித்தேன்.

மூன்று பேரும் புல்லுக்காரரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"திங்கட்கிழமை நான் லீவு மேடம்" என்றார் அவர்.

மேலாளர் அதை மறுபடி ஓட்டினார், இன்னும் சத்தமாக. அவளுடைய குரல், பிறகு அந்த இரண்டு சத்தம். நான்கு பேரும் கணினிப் பக்கம் குனிந்து கேட்டார்கள். அன்று அவளுக்குப் பதில் சொன்னது யார் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.